பதினோரு போல்ட்

தூத்துக்குடிப் பக்கம் இஞ்ஞாசி என்று ஒரு படகு மெக்கானிக் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் கடலில் போகிற என்ஜின்களைப் பழுது பார்த்தவர், அதற்கப்புறம் வானத்தில் போகிற ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். வரைபடம் வாங்கினார். தகரக் கொட்டகை போட்டார். ஊர் விட்டு ஊர் போய்ப் பறக்கக் கற்று உரிமமும் வாங்கிவிட்டார்.

அந்தக் குட்டி விமானத்தில் இரண்டு இருக்கை. இரண்டாவது அவர் மனைவி ரெஜினாவுக்கு. கல்யாணமான புதிதில், கரையில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "மேல இருந்து பாத்தா கடல் எப்படி இருக்கும்?" அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னதை அவர் மறக்கவேயில்லை.

வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல செண்பகவல்லி வருவார். பதினாறு வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்தவர். இஞ்ஞாசியைவிட இருபத்திரண்டு வயது இளையவர். இஞ்ஞாசி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் இஞ்ஞாசி சொன்னார்: "டீச்சர், கையில பிடிச்சு ஓட்டுற ஸ்டிக்கையும் வால் மடலையும் சேக்கிற தண்டுகள் மடங்குற கணுவுக்கெல்லாம் பதினோரு போல்ட் வேணும். வெளிநாட்டுல இருந்து வர நாலு மாசம் ஆகுமாம்."

"வரட்டும்."

"ரெஜினாவுக்கு நாலு மாசம் கிடையாது. பார்வை போயிட்டே இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவே நடுவுல புகை மாதிரி தெரியுதாம்."

 இஞ்ஞாசி சட்டைப்பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து நீட்டினார். வெள்ளி மாதிரி மின்னியது.

"துருப்பிடிக்காத ஸ்டீல். என் படகுகள்ல இருபது வருஷம் உப்புத்தண்ணியில கிடந்திருக்கு. ஒண்ணுகூட அறுந்ததில்ல. இதைப் போட்டா என்ன?"

செண்பகவல்லி அதை வாங்கி, சுற்றிலும் வெட்டியிருந்த மரையின் மேல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். தலையிலிருந்து நுனி வரைக்கும் கரகரவென்றது.

"ஒண்ணை மாட்டுங்க. வால் மடல்ல ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுங்க. அதுதான் காத்துன்னு வச்சுக்கங்க. அக்காவைப் பக்கத்துல உக்கார வச்சு, ஸ்டிக்கைப் பத்தாயிரம் தடவை முன்னயும் பின்னயும் தள்ளுங்க."

"பத்தாயிரமா?"

"பறக்கணும்னுதானே கேக்கீங்க."

ஐந்து நாள் ஆனது. இஞ்ஞாசி தள்ளினார். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை மணியை உருட்டி எண்ணினாள். மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப எங்க இருக்கோம்?" என்றாள்.

"திருச்செந்தூர் தாண்டிட்டோம்."

"அவ்வளவு சீக்கிரமாவா?" என்று சொல்லி அடுத்த மணியைத் தள்ளினாள். கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது.

ஆறாம் நாள் செண்பகவல்லி வந்து போல்ட்டைக் கழற்றினார். அது புதுசு போலவே மின்னியது.

"ஒண்ணும் ஆகலையே, டீச்சர்."

"ஓட்டையைப் பாருங்க."

போல்ட் நின்ற அலுமினியத் தகட்டில் வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. சுற்றிலும் சாம்பல் நிறப் பொடி.

"மரை அரம் மாதிரி. அது தேயாது, தேய்ச்சுக்கிட்டே இருக்கும்." போல்ட்டைத் திரும்ப மாட்டி, வால் மடலை இஞ்ஞாசியின் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கை லேசாக அசைத்தார். ஸ்டிக் அசைந்தது. மடல் அசையவில்லை.

"ஒரு நூல் அளவு ஆட்டம்தானே," என்றார் இஞ்ஞாசி.

"இன்னைக்கு."

செண்பகவல்லி பையிலிருந்து வேறொரு போல்ட்டை எடுத்தார். மங்கலான மஞ்சள் நிறம். ஓட்டைக்குள் நிற்கிற பகுதி வழவழவென்று இருந்தது. நட்டு ஏறுகிற நுனியில் மட்டும்தான் மரை.

"எவ்வளவு முறுக்கணும், டீச்சர்?"

"அசையுற கணுவுல முறுக்கவே கூடாது. விரலால போதும்."

"கழண்டு விழுந்திருமே."

செண்பகவல்லி போல்ட் நுனியில் இருந்த துளையைக் காட்டினார். நட்டின் பள்ளம் வழியாக அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய பின்னைச் செருகி, அதன் கால்களை விரித்து மடக்கினார். "விழாது."

இஞ்ஞாசி நட்டைத் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. கணுவை அசைத்துப் பார்த்தார். தண்ணீர் போல ஓடியது.

"இதை எனக்குத் தருவீங்களா?"

"கணு பதினொண்ணு இருக்கே, அண்ணாச்சி."

தேய்ந்த தகட்டுக்குப் பதில் புதுத் தகடு வெட்டிப் போட்டுவிட்டு இஞ்ஞாசி காத்திருந்தார். நாலு மாசம் ஐந்தரை மாசமானது. ரெஜினா முதலில் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். அப்புறம் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் அவருக்குப் பொறுக்கவில்லை. மின்னுகிற படகு போல்ட்டுகளில் பதினொன்றை எடுத்து மாட்டினார். கொட்டகைக் கதவைத் திறந்தார். காற்றே இல்லை. தூரத்தில் கடல் தட்டையாகக் கிடந்தது. அவரிடம் பேச வந்த ரெஜினா, வாசற்படி எங்கே இருக்கிறதென்று காலால் தேடினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். 

கடைசியில் சரியான போல்ட்டுகள் வந்தன. செண்பகவல்லி பதினொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். இஞ்ஞாசி பல நாள் தனியாகப் பறந்து பார்த்தார். அதன் பிறகுதான் ரெஜினாவை ஏற்றினார். அதற்குள் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன.

மேலே போனதும் இஞ்ஞாசி வாய் ஓயாமல் பேசினார். கரையோரம் பச்சை, தள்ளிப் போனால் நீலம், படகுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு என்றெல்லாம் சொன்னார். அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். 

இறங்கியதும் அவர் மட்டும் செண்பகவல்லியிடம் நடந்து வந்தார். ரெஜினா இருக்கையிலேயே இருந்தாள். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும்."

"கேளுங்க."

"அன்னைக்கே என் போல்ட்டைப் போட்டுப் போயிருந்தா, அவ பாத்திருப்பா. ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கு அது தாங்கியிருக்குமா?"

செண்பகவல்லி விமானத்தில் உட்கார்ந்திருந்த ரெஜினாவைப் பார்த்தார்.

"தாங்கியிருக்கும்."

இஞ்ஞாசியின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப ஏன் தடுத்தீங்க?"

"இறங்கினதும் அக்கா இன்னொரு தடவை போகலாமான்னு கேட்டிருப்பாங்க, அண்ணாச்சி. நீங்க முடியாதுன்னு சொல்லியிருப்பீங்களா?"

இஞ்ஞாசி திரும்பி விமானத்தைப் பார்த்தார். ரெஜினா இன்னும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.