நடு நாசிலுக்குக் கூடுதல் பங்கு

மின்நிலையத்தில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற இருதயராஜ், அறுபது வயதில் கேஸ் டர்பைன் ஆராய்ச்சிக்கு மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை சௌந்தரநாயகிக்கு வயது முப்பத்தெட்டு. அவர் இவரை "சார்" என்பார், இவர் அவரை "மேடம்" என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. தீதான் நிலைத்து நிற்கவில்லை.

எரியறையில் எரிவாயுவைப் பீய்ச்சும் ஏழு நாசில்கள், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. எரிவாயுவைக் கூட்டினால் நச்சுப்புகை வரம்பைத் தாண்டியது. குறைத்தால் தீ உறுமிவிட்டு அணைந்தது. மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னே அணைந்தால் இவருடைய ஆராய்ச்சிக்கு மங்களம் பாடிவிடுவார்கள்.

"ஏழுக்கும் வாயுவ எப்படிப் பிரிச்சீங்க சார்?"

"சரிசமமா, மேடம். முப்பது வருஷமா சமத்துவம் பேசின வாய். நாசில்ல போய்ப் பாரபட்சம் பாக்க முடியுமா?"

ஆசிரியை ஆய்வகத்தில் இருந்த எல்லோரையும் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"கேன்டீன்ல சூடா வடை கேட்டு ஊர்வலம் போறோம். எல்லாரும் ஒரே அளவா, மெதுவாக் கோஷம் போடணும். யாரும் யாரையும் மிஞ்சக் கூடாது."

ஊர்வலம் கிளம்பியது. முணுமுணுப்பு குடிநீர்க் குழாய் வரை வந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் தண்ணீர் குடிக்க நின்றார். அத்தோடு ஊர்வலம் முடிந்தது.

இருதயராஜுக்கு மானம் போனது போல் இருந்தது. "இதெல்லாம் ஒரு ஊர்வலமா?" என்று நடுவில் வந்து நின்றார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"வேண்டும் வேண்டும்!"

"சூடான வடை வேண்டும்" என்றார்கள் மற்றவர்கள், பழைய முணுமுணுப்பில்தான். ஆனால் நடுவில் அவர் கத்திக்கொண்டே இருந்ததால் அந்த முணுமுணுப்பும் அணையவில்லை. கேன்டீன் வாசலில் மாஸ்டர் வடைத்தட்டோடு காத்திருந்தார்.

வடையைக் கடித்த இருதயராஜ் அப்படியே நின்றார். பிறகு பாதி வடையோடு ஆய்வகத்துக்கு ஓடினார். நடு நாசிலுக்குக் கொஞ்சம் கூட்டினார். மற்ற ஆறுக்கும் நன்றாகக் குறைத்தார். தீ உறுமாமல் நிலைத்து எரிந்தது. மொத்தப் புகையும் வரம்புக்குள் இருந்தது.

அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஒருத்தனுக்கு மட்டும் கூடுதல் பங்கு. இது நியாயமா மேடம்?"

"புகையும் அதுலதான் சார் அதிகம் வரும்" என்றார் பின்னால் வந்த ஆசிரியை. "ஆமா, மின்நிலையத்துல நீங்க நடத்துன ஸ்டிரைக்ல எத்தனை பேரு?"

"நானூறு பேரு."

"சஸ்பெண்ட் ஆனது?"

"ஒருத்தன்தான், மேடம்."

ஆசிரியை அவரையும் நடு நாசிலையும் மாறி மாறிப் பார்த்தார். இருதயராஜ் மீதி வடையை நடு நாசிலுக்கு எதிரே பயபக்தியோடு வைத்தார்.