முதுகில் புண்பட்ட பூதியார்

மழுவூர் நாதரின் திருமஞ்சனத்துக்கு ஆற்றுநீர் சுமந்து வந்தவர் பூதியார். அவருடைய வலக்கை செத்துத் தொங்கும். குடத்தை இடத்தோளில் ஏற்றி, ஐந்தெழுத்தை முணுமுணுத்தபடி கரையேறுவார். வழியில் தளும்பிச் சிந்தினால், "நாதா, பொறுத்தருள்" என்று மறுபடியும் ஆற்றில் இறங்குவார்.

முன்பு அவர் வேல் பிடித்த வீரர். போரில் குருதி சிந்தியவருக்கு அரசன் தரும் நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். பூதியாருக்கு அது மறுக்கப்பட்டது. அவருடைய புண் முதுகில் இருந்ததே காரணம். "புறமுதுகு காட்டி ஓடினவனுக்கு நிலமா?" என்று படைத்தலைவர் வயிரமேகர் சபையில் கேட்டார். ஊர் சிரித்தது. பூதியார் வாய் திறக்கவில்லை.

நடந்தது வேறு. குதிரையிலிருந்து விழுந்து கிடந்த ஒருவர்மேல் கவிழ்ந்து படுத்து, அவருக்கு வந்த வாள்வெட்டைத் தம் முதுகில் வாங்கியவர் பூதியார். வலக்கை செத்ததும் அந்த வெட்டில்தான். அப்படிக் காக்கப்பட்டவர்தாம் வயிரமேகர். எழுந்ததும் அவர் களத்தை விட்டு ஓடியதைப் பூதியார் ஒருவரே கண்டார்.

கண்ட கண்கள் ஊரில் இருக்கும்வரை வயிரமேகருக்கு உறக்கம் ஏது? கோயில் காரியம் தம் கைக்கு வந்ததும், "கோழை சுமந்த நீர் நாதருக்கு ஆகாது" என்று வாயிலை அடைத்தார். நிலம் போனபோது கலங்காத பூதியார் அன்று கலங்கினார். தம் புண்ணை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று சபையில் முறையிட்டார்.

"உனக்குச் சாட்சி யாரப்பா?" என்றார்கள் சபையோர்.

"நாதர்தாங்க."

"அப்ப நாதரே சொல்லட்டும்" என்றார் வயிரமேகர், மிக மென்மையாக. "குடத்துல நாகத்தை விட்டு வைப்போம். இவன் கையை விடட்டும். பொய் இல்லேன்னா பிழைச்சுக்குவான்."

சபை அதற்கு இசைந்தது. பூதியார் வீடு திரும்பிய வழியெல்லாம் கதவுகள் சாத்தியே இருந்தன. தலைக்குமேல் பருந்துகள் வட்டமிட்டன. மனைவி குஞ்சரி அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவர் பேரைச் சொல்லிட்டா என்ன? இருக்கிறது ஒத்தைக் கை. அதுவும் போனா?"

"சொன்னா அவர் தலை போயிடும். குறுக்க விழுந்து காப்பாத்தின உசிரை நானே எடுக்கவா, குஞ்சரி?"

குஞ்சரி எழுந்தார். திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார்.

மறுநாள் விடியலில் கருமேகம் கோபுரத்தை உரசிக்கொண்டு நின்றது. இலைகூட அசையவில்லை. கோயில் முற்றத்தில் குடம் இருந்தது. அதன் வாயைக் கட்டிய துணி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாகத்தை நெடுநேரம் சீண்டி வைத்திருந்தான் பாம்பாட்டி. அது வயிரமேகர் ஏவிய வேலை. துணி அவிழ்ந்தது. உள்ளே சீற்றம் எழுந்தது. பூதியார் ஐந்தெழுத்தை ஓதி, இடக்கையை நீட்டினார்.

"நிறுத்துங்க" என்ற குரல் கருவறைப் பக்கமிருந்து வந்தது. அர்ச்சகர் ஈசான பட்டர் தள்ளாடி வந்தார். அவருடைய இரு கைகளும் சிவந்திருந்தன.

"நாதர் முதுகில வெட்டு. சாத்தின பட்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. துடைக்கத் துடைக்க ரத்தம் நிக்கலே."

எல்லோரும் ஓடினார்கள். லிங்கத் திருமேனியின் பின்புறத்தில், பூதியாரின் முதுகில் தழும்பிருந்த அதே இடத்தில், வாள் இறங்கிய பிளவு. அதிலிருந்து குருதி வழிந்து தரையில் ஓடி வந்தது. அது தம் பாதத்தைத் தொட்டதும் வயிரமேகர் மண்டியிட்டார்.

"ஓடினவன் நான். வெட்டு வாங்கினவர் அவர்."

பட்டர் பூதியாரை உள்ளே அழைத்தார். பூதியார் அழுதபடி தம் இடக்கையை அந்தப் பிளவின்மேல் வைத்து அழுத்தினார். குருதி நின்றது.

சபை உதிரப்பட்டி தர முன்வந்தது. வயிரமேகருக்குக் கொலைத்தண்டம் என்றும் சொன்னது. பூதியார் கைகூப்ப இயலாமல் தலை தாழ்த்தினார்.

"நிலம் வேண்டாங்க. என் ரத்தத்துக்கு ஈடா இவர் உசிரைக் கொடுங்க."

சபை கொடுத்தது. அன்றைய திருமஞ்சனத்துக்கு நேரமாகிவிட்டது என்று பூதியார் ஆற்றுக்கு விரைந்தார். அடியாரின் புண்ணைத் தம் மேனியில் ஏற்ற நாதரையும், பழித்தவர் உயிரை இரந்து பெற்ற பூதியாரையும் நினைப்பவர் நெஞ்சில் அச்சம் தங்காது.