இரவல் உறைமோர்

ஆவுடையம்மாளுக்குத் தெரியாத வீட்டுக் குறிப்பு இனிமேல்தான் இந்த உலகத்தில் பிறந்து வர வேண்டும்.

சர்க்கரை டப்பாவில் எறும்பா? நாலு கிராம்பு போடு. சட்டி அடிப்பிடித்துவிட்டதா? புளியைக் கரைத்து ஊற்றி ஊற வை. குழம்பில் உப்பு கூடிவிட்டதா? ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போடு. கரைந்துபோன சோப்புத் துண்டுகளைக்கூட விடமாட்டாள். பழைய வலைப்பையில் போட்டு முடிந்து பாத்திரம் தேய்த்துவிடுவாள். கைக்காசு கரையாமல் குடித்தனம் நடத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வளவில் ஆள் கிடையாது. ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடு உள்ள வளவு அது. எட்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து அவளுக்குக் ‘குறிப்பு ஆவுடை’ என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருத்திக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒரு புதன்கிழமை காலையில், கஞ்சி மடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள்.

வெங்காயத்தால் வந்த அழுகை இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் கண் எரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் ஊறப்போட்டுத்தான் இருந்தாள்.

மடத்தை நடத்துகிறவள் வேலம்மா. நாற்பது வயதுகூட இருக்காது. வெளுத்துப்போன காவிச் சேலை, இடுப்பில் செருகிய கரண்டி. மத்தியானம் வருகிற யாருக்கும் கஞ்சி ஊற்றுவாள். அவள் உபதேசம் பண்ணிக் கேட்டவர்கள் கிடையாது. ஆனாலும் ஊர் அவளைச் சாமி என்றது. அறுபது வயது ஆவுடையம்மாள் ஆறு வருஷமாக அவளுக்குச் சிஷ்யை. சிஷ்யை ‘சாமி’ என்பாள். குரு ‘அக்கா’ என்பாள்.

“என்னக்கா?” என்றாள் வேலம்மா.

“என் மருமக என் வீட்டுப் படியேற ஒரு வழி சொல்லுங்க சாமி.”

“எதிர்வீட்டுலதானே இருக்கா?”

“நாலு எட்டு வச்சா வந்துரலாம். தனிக்குடித்தனம் போயி அஞ்சு மாசமாச்சு, அந்த நாலு எட்டை வைக்க மாட்டேங்கா. வயித்துல பிள்ளை இருக்குற சேதியே எனக்குக் குழாயடியில வச்சு ஊரார் சொல்லித்தான் தெரியும். இப்ப ஏழு மாசம். அடுத்த வாரம் வியாழக்கிழமை பேறுகாலத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போறா. பிள்ளையைத் தூக்கிட்டு இந்த வளவுக்கே திரும்ப மாட்டாளாம். என் மகன்கிட்ட சொல்லியிருக்கா.”

“அஞ்சு மாசத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு?”

ஆவுடையம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணும் பெருசா நடக்கல சாமி. உறைமோர் எடுத்து வைக்க மறந்துட்டா. மறந்தவ என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? பக்கத்து வீட்டுக் காளியம்மாகிட்டப் போயி ஒரு டம்ளர் இரவல் வாங்கிட்டு வாரா. என் வீட்டுக்கு இரவல் மோரா சாமி? குழாயடியிலயே நிப்பாட்டி, டம்ளரை வாங்கிக் காளியம்மாகிட்டத் திருப்பிக் குடுத்தேன். ‘வெதுவெதுப்பான பாலுல ரெண்டு மிளகாக் காம்பைக் கிள்ளிப் போட்டா உறைஞ்சுட்டுப் போகுது, இதுகூடத் தெரியாமத்தான் உங்கம்மா உன்னை வளத்தாளா’ன்னு கேட்டேன். நல்லதுதானே சொன்னேன்?”

“குழாயடியில யாரு யாரு இருந்தா?”

“எல்லாரும்தான் இருந்தாக.”

வேலம்மா கஞ்சியைக் கிண்டினாள். கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு மடத்துக்கு ஒரு சட்டி தயிர் வேணும்க்கா. உறைமோர் இரவல் வாங்கி உறைய வச்சதா இருக்கணும்.”

இதென்னடா கூத்து, மருமகளுக்கு வழி கேட்டால் தயிருக்கு வழி சொல்லுகிறாரே என்று ஆவுடையம்மாளுக்குச் சலிப்பாக இருந்தது. குரு வாக்காயிற்றே, தட்ட முடியுமா? தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் சட்டியோடு வந்தாள். தயிர் கத்தி போட்டு வெட்டலாம் போல இருந்தது. முகத்தில் பெருமை தாங்கவில்லை.

வேலம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“மிளகாக் காம்பா?”

“காம்பேதான் சாமி. நாக்குல கண்டுபிடிச்சுட்டீங்களே! எதுக்கு ஒருத்தர் வாசல்ல போயி நிக்கணும்?”

“நல்ல தயிர்” என்று சொல்லிச் சட்டியோடு கஞ்சியில் கவிழ்த்தாள் வேலம்மா. “நாளைக்கும் ஒரு சட்டி வேணும். நான் கேட்ட மாதிரி.”

வெள்ளிக்கிழமையும் தயிர் வந்தது.

“இரவல் வாங்குனீங்களா?”

“வாங்கினேன் சாமி.” குரலில் கொஞ்சம் விறைப்பு.

“எங்க?”

“மூணாவது தெருவுல ஒரு வீட்டுல.”

“அந்த வீட்டம்மா பேரு?”

“தெரியாது.”

“உங்க பேரு அவங்களுக்கு?”

“அவங்க கேக்கல. நானும் சொல்லல.” ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “யாருகிட்ட வாங்கணும்னு நீங்க சொல்லலியே சாமி!”

“நான் சொல்லணுமாக்கா?”

அவ்வளவுதான். வேலம்மா விறகைத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். அந்தத் தயிரையும் மத்தியானக் கஞ்சியோடு ஊர் குடித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே ஆவுடையம்மாள் ஒரு காலி டம்ளரைக் கழுவி எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். மருமகள் செண்பகம் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சரி, அவள் உள்ளே போகட்டும் என்று இவள் வாசலைப் பெருக்கினாள். பெருக்கிய வாசலை மறுபடியும் பெருக்கினாள். செண்பகம் உள்ளே போனாள். தலை நனைய முழுகியவளுக்கு முக்காடு எதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டம்ளரை எடுத்தாள். அதற்குள் குழாயடியில் நாலு பெண்கள் குடத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மணி ஐந்து ஆனது, ஆறு ஆனது. எதிர்வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைத்த பிறகு பால், தயிர், மோர், உப்பு எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதோடு லட்சுமியும் படியிறங்கிப் போய்விடுவாள் என்பார்கள். அந்த நேரத்தில் கேட்டு இல்லை என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டவள் மேல்தான் தப்பு.

அப்போதுதான் ஆவுடையம்மாள் எழுந்து போனாள்.

எதிர்வீட்டுப் படியில் அவள் நின்றதும் குழாயடியில் பேச்சு நின்றுபோனது. காளியம்மாள் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. அஞ்சு மாசத்துக்குப் பிறகு மருமகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறாள் ஆவுடையம்மாள்.

“உறைமோர்…” என்றாள். “உறைமோர் கொஞ்சம் இருந்தா வேணும்.”

செண்பகம் டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் மாமியாரைப் பார்த்தாள்.

“உங்க வீட்டுல மிளகா இல்லியா அத்தை?”

குழாயடியில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

“இருக்கு.”

“காம்பு?”

“காம்பும் இருக்கு.”

“பின்னே?”

“இரவல்தான் வேணும் தாயி.” டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். “அன்னைக்கு உன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். இத்தனை பேரு முன்னாடி. உங்கம்மாவையும் இழுத்துட்டேன். தப்பு. தப்புதான் தாயி.”

செண்பகம் குழாயடிப் பக்கம் பார்த்தாள். உள்ளே எரிகிற விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“விளக்கு வச்சாச்சே அத்தை” என்றாள் கடைசியில்.

“ஆமா, வச்சாச்சு” என்றாள் ஆவுடையம்மாள். எதிர்பார்த்த பதில்தான். டம்ளரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் படியிறங்கினாள். ஒரு படி இறங்கியிருப்பாள்.

“மோரைத்தான் வெளிய குடுக்கக் கூடாது” என்றாள் செண்பகம் பின்னாலிருந்து. “பால் உள்ள வரலாம்லா. பாலைக் காய்ச்சிக் கொண்டாங்க, இங்கயே உறை ஊத்தி வைக்கேன். சட்டி ராத்திரி இங்க இருக்கட்டும். விடிஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்.”

ஆவுடையம்மாள் தன் வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சினாள். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பால் பொங்காமல் இருக்கச் சட்டியின் குறுக்கே ஒரு மரக்கரண்டியை வைக்க வேண்டும் என்பது அவள் ஊருக்கெல்லாம் சொன்ன குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை அவள் மடத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. சட்டியை வேலம்மா முன்னால் வைத்தாள். உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“யாரு குடுத்தது?” என்றாள் வேலம்மா.

“செண்பகம்.”

“வீட்டுக்கு வந்தாளா?”

“வந்தா சாமி. நேத்து விளக்கு வச்ச பிறகுதான் கேக்கப் போனேன், அவ வீட்டுலயே உறை ஊத்தி வச்சா. காலையில ஒரு கையில சட்டி, ஒரு கை சுவத்துல. நாலு படியும் ஏறி வந்தா. அடுக்களையில சம்மணம் போட்டு உக்காந்தா. நான் ஒரு இட்லி வச்சேன். இன்னொண்ணு வைங்கன்னா.” இதைச் சொல்லும்போது ஆவுடையம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வேலம்மா தயிரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“புளிப்பு.”

“ஐயோ, சரியான புளிப்பு! சித்திரை வெயிலுக்கு மோரை இம்புட்டு அள்ளி ஊத்தியிருக்கா. வாய் நிறையக் குறிப்பு வந்து நின்னுச்சு சாமி. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளே ஒரு வாய் போட்டுப் பாத்துட்டு, ‘எங்கம்மா வீட்டுலயும் இப்படித்தான் புளிச்சுப் போகும், நீங்க என்ன போடுவீங்க அத்தை’ன்னு கேட்டா. அவளே கேட்டா சாமி!”

“சொன்னீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு சொன்னேன்.”

“எது?”

“ஒரு சில்லுத் தேங்கா.”

வேலம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மடத்துப் பூனை எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தது.

“நேத்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஏன் போகல?”

ஆவுடையம்மாள் சேலை நுனியைத் திருகினாள். பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை.

“அவ இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்ய சாமி? விளக்கு வச்சதுனாலதான் இல்லன்னுட்டான்னு மனசைத் தேத்திக்கலாம்ல.”

“ம். பிள்ளையைத் தூக்கிட்டு எந்த வீட்டுக்கு வருவாளாம்?”

“கேக்கல.”

“ஏன்க்கா?”

“வாய் வரைக்கும் வந்துச்சு. பயமா இருந்துச்சு. இன்னும் நாலு நாள் இருக்குல்லா, பாப்போம்.” ஆவுடையம்மாள் பேச்சை மாற்றுகிறவள் போலச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். முகம் பழையபடி தெளிந்திருந்தது. “இனிமே ஒரு கவலை இல்ல சாமி. எல்லாத்தையும் கஞ்சியில கொட்டிராதீங்க. இதுல ஒரு கரண்டி எடுத்து வச்சுக்கிட்டா இன்னைக்கு உறைக்கு ஆச்சு. நாளைக்கு அதுலருந்து ஒரு கரண்டி. அப்படியே ஓடிரும். யாரு வாசல்லயும் போயி நிக்க வேண்டாம்.”

வேலம்மா சட்டியை அவள் கையிலிருந்து வாங்கினாள். தயிரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கஞ்சியில் ஊற்றினாள். விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் போட்டாள். இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசினாள். தன் காவி முந்தானையால் உள்ளும் வெளியும் துடைத்தாள். பிறகு சட்டியை ஆவுடையம்மாள் மடியில் வைத்தாள்.

“சட்டி காலியா இருக்குக்கா. இன்னைக்கு விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே போங்க.”