தூசியின் விலை

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்கி, வெளிநாட்டாருக்கு விற்றுச் செல்வரான ஜெகவீரன் ஒருநாள் வத்தலக்குண்டில் மரகதத்தின் மாட்டுக்கொட்டகைக்கு வந்தார். அவள் கணவர் விபத்தில் இடுப்பொடிந்து படுத்த நாள்முதல் அவருடைய வண்டி அங்கேயே நின்றது. அவருடைய அறுவைச் சிகிச்சைக்கு அதை விற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஜெகவீரன் அதையும் விசாரித்தறிந்தே வந்திருந்தார்.

"இது வண்டியில்லம்மா, துருப்பிடிச்ச இரும்பு. பாவம்னு எடைக்கு எடுத்துக்கிறேன்," என்றார், அண்டை வீட்டார் கேட்கும்படி. பின்பு தம் ஆட்களிடம் தாழ்ந்த குரலில், "மேலே விரல் படக்கூடாது. தூசி அப்படியே இருக்கணும்," என்றார்.

அது மரகதத்தின் காதில் விழுந்தது. அவள் ஓர் ஈரத்துணியோடு வந்தாள். "இரும்புதானே ஐயா, துடைச்சுத் தாரேன். உங்க வெள்ளைச் சட்டை அழுக்காயிரும்," என்று பெட்ரோல் டேங்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஜெகவீரன் குறுக்கே பாய்ந்தார். "தொடாதம்மா. வருஷக்கணக்கா நின்ன கோலத்துல, தூசியோட இருந்தாத்தான் வெளிநாட்டுல வாங்குறவன் மதிப்பான்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. அண்டை வீட்டார் சிரித்தனர்.

"இரும்புக்கு நீங்க சொன்ன விலையே போதும் ஐயா," என்றாள் மரகதம். "இப்ப தூசிக்கு விலை சொல்லுங்க. கட்டுப்படியாகலைன்னா துடைச்சிருவேன்."

சிகிச்சைக்குப் போதுமான விலையை அவர் கொடுத்தார். வண்டியைப் பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவதுபோல் தாங்கி லாரியில் ஏற்றினார்கள்.

மரகதம் அதே ஈரத்துணியோடு உள்ளே சென்று கணவரின் முகத்தைத் துடைத்தாள். அவரும் அத்தனை காலமும் கிடந்த இடத்திலேயேதான் கிடந்தார். அவரைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.