செம்போத்து கடையில் பாசிக் குவியல்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டே செல்லாயி கடைக்குப் போனாள். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நெளிகிற புழு. சின்னதாக. பிள்ளைகள் வாய்க்கு அடங்குகிற மாதிரி."

செல்லாயி ஒரு தவளை. கோடையில் குளம் சுருங்கிச் சேறாகிவிட்டது. ஈ இல்லை, கொசு இல்லை. வால் மறைந்து இப்போதுதான் கரையேறிய அவள் குஞ்சுகள் பசியில் துவண்டு கிடந்தன.

தாழம்புதருக்கு அடியில் செம்போத்துப் பறவை ஒன்று கடை வைத்திருந்தது. ஒரு கை பாசி கொடுத்தால் ஒரு கை புழு கொடுக்கும்.

"வா தாயி! என்ன வேண்டும்?"

"புழு, அண்ணாச்சி. நெளிகிற புழு. சரியாகத்தான் சொல்கிறேனா?"

"இதோ பார், எப்படி நெளிகிறது!"

செம்போத்து கொடியை அலகால் ஆட்டியது. கொடியில் தொங்கிய புழுக்களெல்லாம் துள்ளின. செல்லாயி பாசியைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தாள்.

வீட்டில் குஞ்சுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைவதுதான் தவளைக் கண்ணுக்கு இரை. அசையாதது வெறும் மண்ணாங்கட்டி.

"குச்சியைக் கொண்டுவந்திருக்கிறாயே, அம்மா!" என்று கடைக்குட்டி அழுதது.

பக்கத்து வளை நண்டு சிரித்தது. "வாயில்லாதவளுக்குக் காய்ந்த புழுதான்! போ, மாற்றிக்கொண்டு வா!"

மறுபடியும் அதே வெயில், அதே வழி. கால் கடுத்தது. கடை முன்னால் யாரும் இல்லை. நிழல் தேடிப் புதருக்குப் பின்னால் போனாள். அங்கே மலைபோலப் பாசி குவிந்து கிடந்தது. கோடை பிறந்ததிலிருந்து தவளைகள் கொடுத்த பாசி அத்தனையும்! காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"அங்கே என்ன வேலை?" செம்போத்து பின்னாலேயே வந்து நின்றது.

"புழு அசையவில்லை, அண்ணாச்சி. பிள்ளைகள் சாப்பிடவில்லை."

"அவ்வளவுதானே! பிள்ளைகளை இங்கே கூட்டி வா. நானே ஆட்டி ஆட்டி ஊட்டிவிடுகிறேன். எத்தனை பேர், தாயி?"

அதன் தொண்டை ஏறி இறங்கியது. செல்லாயி பாசிக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் பாசி சாப்பிட மாட்டீர்களா, அண்ணாச்சி?"

"சீ! அதை யார் தின்பார்கள்?"

"புழு?"

"அது விற்பதற்கு!"

"அப்படியானால் என்னதான் சாப்பிடுவீர்கள்?"

செம்போத்து சிவந்த கண்ணால் அவளைத் தலை முதல் கால் வரை அளந்தது.

"கூட்டி வருகிறேன், அண்ணாச்சி! எல்லாரையும் கூட்டி வருகிறேன்!" என்றாள் செல்லாயி. பிறந்ததிலிருந்து அவள் தடுமாறாமல் சொன்னது அது ஒன்றுதான்.

ஒன்றுக்குப் பதில் பத்து கிடைக்கும் என்று செம்போத்து வழிவிட்டது.

எதிர்ப்பட்ட தவளைகளிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே அவள் வீட்டுக்கு ஓடினாள். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, தூரமென்று யாரும் போகாத எதிர்க்கரைக்கு நடந்தாள். அங்கே மட்கிய பனைமரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதன் அடியில் அலகு நுழையாத இடுக்கு. உள்ளே கறையான்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் டபக் டபக்கென்று விழுங்கின. செல்லாயிக்குச் சாப்பிடத் தெம்பில்லை. ஈரச் சேற்றை அள்ளி அள்ளி இடுக்கின் வாயை அடைத்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணயர்ந்தாள்.

நம் பசியைத் தீர்க்க வருகிறவன் தன் பசியை எதைக் கொண்டு தீர்க்கிறான் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.