ஜெசிந்தா முகத்துப் புள்ளிகள்

"இந்தப் புள்ளிகளை எப்படி அழிக்கிறது, மேடம்?"

எபிநேசர் கேட்டார்.

சாலிகிராமத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கணினிக்குள் விளக்கு வைக்கும் வேலை கற்றுக்கொள்ள அங்கே சேர்ந்திருந்தார். கற்றுக்கொடுத்தவர் நிஷா. வயதில் ரொம்ப இளையவர்.

திரையில் ஒரு மீனவர் வீடு. இன்னும் விடியவில்லை. ஜெசிந்தா என்ற சிறுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். புயலுக்கு முன்னால் கடலுக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை.

அவள் முகமெங்கும் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் மின்னின.

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"புள்ளியைத் துடைக்கிற சாஃப்ட்வேரைப் போட்டேன். புள்ளி போச்சு, முகமும் சேர்ந்து போச்சு. இது பிள்ளையா, மெழுகு பொம்மையான்னு டைரக்டர் கேட்டார்."

"அப்புறம்?"

"கையாலேயே ஒவ்வொண்ணா அழிச்சேன். அடுத்த ஃப்ரேம்ல வேற இடத்துல முளைக்குது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு சொல்லிட்டார், மேடம்."

நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளக்கை ஒவ்வொண்ணா அணைங்க. பார்த்துட்டு திரும்பப் போட்டுடுங்க."

எபிநேசர் வானத்து வெளிச்சத்தை அணைத்தார். புள்ளிகள் இருந்தன.

அடுப்பை அணைத்தார். இருந்தன.

மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியிடம் வந்தபோது கை சற்றுத் தயங்கியது. அணைத்தார். அப்போதும் இருந்தன.

"அவ்வளவுதான், மேடம்."

"எல்லாம் அணைச்சாச்சா?"



எபிநேசர், திரையில் வீட்டு மூலையில் இருந்த பித்தளைக் குடத்தை மெல்ல நகர்த்தினார். பின்னால் ஒரு விளக்கு இருந்தது. சுண்டைக்காய் அளவுதான். ஆனால் கண் கூசியது. அதன் வெளிச்சம் குடத்தில் பட்டு நாலாபக்கமும் தெறித்துக்கொண்டிருந்தது.

அதை அணைத்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

"இந்த விளக்கு கதையில இல்லையே, சார்."

"இல்ல. நான் வெச்சது."

"டைரக்டர் கேட்டாரா?"

"இல்ல." எபிநேசர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பாவைக் காணோம்னு உட்கார்ந்திருக்கா. பிள்ளையை இருட்டுல விட மனசு வரல, மேடம்."

நிஷா சிரிக்கவில்லை.

"அவ எதைப் பார்த்துட்டிருக்கா?"

"கடலை."

"உள்ள விளக்கு பளிச்சுனு எரிஞ்சா, ஜன்னல் கண்ணாடியில என்ன தெரியும்?"

"நம்ம வீடுதான் தெரியும். வெளிய ஒண்ணும்..."

எபிநேசர் பாதியில் நிறுத்தினார்.

 எபிநேசரே அந்த விளக்கை நீக்கினார். கணினி படத்தை மறுபடி வரைந்தெடுக்க ரெண்டருக்குப் போட்டார்.

முதலில் மணலை வாரி இறைத்தாற்போல் இருந்தது. துடைக்கும் பொத்தானை நோக்கி அவர் விரல் போனது.

"பொறுங்க. வெளிச்சம் வந்துட்டிருக்கு."

இருவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். மணல் மெல்ல மெல்லப் படிந்தது. ஜெசிந்தாவின் பாதி முகம் இருட்டில் கிடந்தது. மறுபாதியில் அடுப்பின் சிவப்பு. கண்கள் இரண்டும் தெரிந்தன.

எபிநேசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை கண்ணைக் கூசவைத்த ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் கடல் வந்திருந்தது. அதைச் செய்தது வேறு குழு. எபிநேசர் இன்றுதான் முதன்முதலாக அதைப் பார்க்கிறார். கறுத்து, ஓய்ந்து கிடந்தது.

வெகு தூரத்தில், நீரும் வானமும் சேரும் இடத்தில், மஞ்சளாய் ஒரு புள்ளி.

"அடடா, இன்னும் ஒண்ணு இருக்கு!"

அழிப்பதற்கு மௌஸை நகர்த்தினார்.

நிஷா அவர் கையின் மேல் கை வைத்தார்.

"அதை விட்டுடுங்க, சார். அது அவ அப்பா."