கூரி பேசத் தவறிய நாள்

வறண்ட காட்டின் நடுவே புல் அடர்ந்த குன்று ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தில் வற்றாத சுனை. பல தலைமுறைகளாக முயல்கள் அங்கே வாழ்ந்து வந்தன.

ஒரு சமயம் முள்ளம்பன்றிகள் கூட்டமாக வந்து சேர்ந்தன. போன காடுகளிலெல்லாம் வேட்டை நாய்கள் அவற்றைத் துரத்தித் துரத்திக் கொன்றிருந்தன. இந்தக் குன்றில்தான் தங்கள் மூதாதையர் வளை தோண்டினார்கள் என்று அவை சொல்லின. அது உண்மைதான். மண்ணுக்கடியில் அந்தப் பழைய வளைகள் இருந்தன. இது தங்கள் மண் என்று முயல்கள் சொன்னதும் உண்மைதான். அவற்றின் பாட்டன்மாரும் அந்தப் புல்லில்தான் பிறந்தார்கள். ஆனால் மற்றவர் சொல்வதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

சண்டை மூண்டது. தோற்ற முயல்கள் குன்றின் மேலிருந்த பாறைப் பக்கம் ஒதுங்கின. முள்ளம்பன்றிகள் முட்செடிகளை இழுத்துப் போட்டுச் சுனைக்குப் போகும் வழியை அடைத்தன. முயல்கள் பாறை உச்சியிலிருந்து வளைகளின் மேல் கற்களை உருட்டிவிட்டன.

அப்படி உருண்ட கல்லில் கூரி என்ற முள்ளம்பன்றியின் மகன் நசுங்கிச் செத்தான். முள் இன்னும் முற்றாத குட்டி. அதன் பிறகு முயல் என்ற பேச்சைக் கேட்டாலே கூரியின் முதுகு சிலிர்த்துக்கொள்ளும்.

ஒரு மாலை, சுனையோரத்து முட்செடிகளில் தாவன் என்ற முயல் சிக்கிக் கிடப்பதை அவள் கண்டாள். அவன் உடம்பெல்லாம் கீறல். பக்கத்தில் நனைந்த பாசி கொஞ்சம். கூரி முட்களை விரித்துக்கொண்டு அவனை நெருங்கினாள்.

"என் பிள்ளைகள் இரண்டு பேர் தாகத்தில் போய்விட்டார்கள். ஒருத்திதான் மிச்சம். இந்தப் பாசியைப் பிழிந்தால் அவள் நாக்காவது நனையும்" என்றான் தாவன்.

"என் மகன் கல்லுக்கு அடியில் போனான்" என்றாள் கூரி.

"கல் உருட்டியவர்களில் நானும் ஒருவன்" என்றான் தாவன்.

அவனைக் குத்திக் கிழித்திருக்கலாம். ஏனோ கூரியின் முட்கள் தாமாகவே தாழ்ந்தன. அவள் செடிகளை விலக்கி அவனை விடுவித்தாள். இருவரும் இருட்டும் வரை பேசினார்கள். சுனைக்கு வழி திறக்க வேண்டும், கல் உருட்டுவது நிற்க வேண்டும், புல்லை இரு கூட்டமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. அவரவர் கூட்டத்தாரிடம் பேசுவது என்றும், பிறை தெரியும் நாளில் தாவன் பதிலோடு வருவது என்றும் ஒப்புக்கொண்டு பிரிந்தார்கள்.

தாவன் பேசினான். அவன் இனத்தாரே அவனைத் துரோகி என்று சொல்லிக் காதைக் கடித்துக் குதறினார்கள். அவன் விடவில்லை. கடைசியில் அரைமனதோடு தலையாட்டினார்கள்.

கூரி பேசவில்லை. மகனின் ரத்தத்தை மறந்தவள் என்பார்களே என்று பயந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள்.

பிறை தெரிந்த நாளில் தாவன் தனியாகக் குன்றிறங்கி வந்தான். முள்ளம்பன்றிகள் அவனைச் சூழ்ந்துகொண்டன. "இவனை யார் அழைத்தது?" என்று தலைவன் வன்முதுகன் கேட்டான்.

தாவன் கூரியைப் பார்த்தான். கூரி தலையைக் குனிந்துகொண்டாள்.

உளவு பார்க்க வந்தவன் என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. முட்கள் பாய்ந்தன. "நான்தான் அழைத்தேன்!" என்று கூரி அலறியபோது தாவன் அசைவற்றுக் கிடந்தான்.

அன்றே கற்கள் மறுபடி உருண்டன. முட்செடிகள் முன்னைவிட உயரமாகக் குவிந்தன. வழியைத் திறந்துவிடுங்கள் என்று கூரி அதன் பிறகு தினமும் கெஞ்சினாள். பிள்ளையைப் பறிகொடுத்ததில் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் குட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன.

சமாதானத்தை எதிராளியிடம் பேசுவதைவிடத் தன் கூட்டத்தாரிடம் பேசுவதுதான் கடினம். அதற்குத் துணியாதவர்களின் மௌனத்துக்கு இரு பக்கத்துப் பிள்ளைகளும் பலியாகிறார்கள்.